தாடை முறிவு: சில குறிப்புகள்

நம் பத்திரிகைகளில் 'முறிவு' என்ற சொல் அதிகம் புழங்குகிறது. மரபின் முறிவு, மொழியின் முறிவு, கவிஞனுக்கும் அவன் காலத்துக்கும் இடையிலான முறிவு. இவற்றில் பலவற்றை ஒப்புக்கொண்டே படித்திருக்கிறேன். ஆனால் ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், 1986லிருந்து 2018 வரை 32 வருஷம், முறிவுகளைப் படம் பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குள் எழுகிற கேள்விகள் வேறு. எந்த இடத்தில்? எந்தப் பக்கம்? எத்தனை இடத்தில்? எதிர்ப்பக்கத்தையும் பார்த்தீர்களா? விமர்சனக் கட்டுரைகளில் இவற்றுக்குப் பதில் கிடைப்பதில்லை. முறிவு என்றால் எல்லாம் ஒரேயடியாகச் சிதறிப்போவது என்று ஒரு எண்ணம் அங்கே இருக்கிறது. எலும்பு தன் இஷ்டப்படி சிதறுவதில்லை. எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே, விசை எந்தத் திசையில் வந்ததோ அதற்கேற்ப, பெரும்பாலும் முன்கூட்டியே ஊகித்துவிடக்கூடிய வழியில் முறிகிறது.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது கீழ்த்தாடை. காதுக்குள் இருக்கும் நுண்ணெலும்புகளைத் தவிர்த்தால் தலையில் அசைகிற எலும்பு இது ஒன்றுதான். தின்பதும் பேசுவதும் இதன் அசைவால். ஆனாலும் பேச்சைப் பற்றி யோசித்தவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துக்கள் பிறப்பதற்கு எட்டு இடங்களைக் கணக்கிடுகிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். தாடை அந்தப் பட்டியலில் இல்லை. இது குறையல்ல. ஒழுங்காக வேலை செய்கிற வரை தாடை தன்னைத் தெரிவித்துக்கொள்வதில்லை. முறிந்த பிறகுதான் அது இருந்தது தெரிகிறது. தாடை முறிந்து வருகிறவர்களை டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பலர் வலியைச் சொல்வதில்லை. 'பல்லு சேர மாட்டேங்குது' என்கிறார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கிற இடத்தை அந்த மனுஷன் அதுவரை ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டான். ஒரு மயிரிழை விலகினால் போதும், அவனுக்குத் தன் வாய் அந்நியமாகிவிடுகிறது. எந்தப் படத்தைவிடவும் நம்பத்தகுந்த சாட்சியம் இதுதான் என்று எனக்கு முதலில் வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லுவார்.

கீழ்த்தாடை லாடம் போல வளைந்த எலும்பு. அதன் இரு முனைகளும் காதுக்கு முன்னால் மண்டையோட்டின் அடியில் மூட்டாகப் பொருந்தியிருப்பதால், அடி விழும்போது அது ஒரு முழு வளையம் போலவே நடந்துகொள்கிறது. கண்ணாடி வளையலை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளையல் ஒரே இடத்தில் உடைவது அபூர்வம். அழுத்திய இடத்தில் ஒன்று, அதற்கு எதிரே எங்கோ இன்னொன்று. தாடையும் பல சமயம் அப்படித்தான். இடது முன்பக்கம், கோரைப்பல்லுக்குக் கீழே அடி விழுந்தால், அங்கே ஒரு முறிவும் வலது காதருகே இன்னொரு முறிவும் இருக்கலாம். அடி வாங்காத பக்கம் முறிந்திருப்பதை நோயாளியே நம்பமாட்டார். 'அந்தப் பக்கம் ஒண்ணுமே படலையே' என்பார். படம் எடுப்பவனுக்கு இதில் ஒரு விதி உண்டு. ஒரு முறிவு கண்ணில் பட்டதும் நிம்மதியடையக் கூடாது. இரண்டாவதைத் தேடவேண்டும்.

இன்னொரு விதி மோவாயைப் பற்றியது. மோவாயின் அடியில் தோல் கிழிந்து தையல் போட வந்தால், காதருகே பார். நின்றவாக்கில் மயங்கிக் கையூன்றாமல் முன்னால் விழுகிறவனுக்கு மோவாய் தரையில் இடிக்கிறது. விசை இரு பக்கமும் ஏறி, இரண்டு மூட்டுத் தலைகளின் கழுத்தையும் முறிக்கிறது. மோவாயின் நடுவிலும் ஒரு கீறல் விழும். ஆங்கிலேயர்கள் இதற்குக் காவல் சிப்பாயின் முறிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அணிவகுப்பில் அசையாமல் மணிக்கணக்கில் நின்று, மயங்கி, விறைப்பு மாறாமல் முகங்குப்புற விழுந்த சிப்பாய்களின் ஞாபகமாக. எங்கள் ஆஸ்பத்திரிக்கு சிப்பாய்கள் வந்ததில்லை. காக்காய் வலிப்புக்காரர்கள் வந்தார்கள். சைக்கிள் பழகிய குழந்தைகள் வந்தார்கள். பேருந்துப் படியிலிருந்து வழுக்கியவர்கள் வந்தார்கள். குழந்தைகள் விஷயத்தில் டாக்டர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். அந்த மூட்டுத் தலை தாடை வளர்வதற்கான இடமும்கூட. கவனிக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போய், வாய் திறக்காமல், மோவாய் பின்வாங்கி, பறவை முகம் என்று சொல்லும் முகத்தோடு அந்தக் குழந்தை பெரியதாகும்.

மூட்டுத் தலையின் கழுத்து ஏன் அவ்வளவு மெல்லியது என்று நான் கேட்டதுண்டு. கிடைத்த பதில் இது. அதற்கு நேர் மேலே மூளையின் தரை இருக்கிறது. கழுத்து உறுதியாக இருந்தால், மோவாயில் வாங்குகிற பலத்த அடி எலும்பை மேலே செலுத்தி மண்டைக்குள் ஏற்றிவிடும். கழுத்து முறிவதால் விசை அங்கேயே செலவழிந்துபோகிறது. வீட்டில் ஃபியூஸ் போவது போல. உடைவதன் மூலம் காக்கிற உறுப்பு என்று இதைச் சொல்லலாம். அதேபோல, முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடக்கிற கடைசிக் கடைவாய்ப்பல் தாடையின் கோணத்தை பலவீனப்படுத்துகிறது. அது இருப்பவர்களுக்குக் கோணத்தில் முறிகிறது. இல்லாதவர்களுக்கு அதே அடி மூட்டுக் கழுத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஞானப்பல் என்று பெயர். வெளியே வராத ஒன்று எலும்பின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

மேல்தாடையின் கதை வேறு. பிரான்ஸில் லில் நகரத்தைச் சேர்ந்த ரெனே லெ ஃபோர் என்ற அறுவை வைத்தியர் 1901இல் தன் பரிசோதனைகளை வெளியிட்டார். பிணங்களின் தலைகளை எடுத்து, தடியால் அடித்தும் கடினமான பரப்புகளில் மோதியும் முகத்தை உடைத்து, பிறகு சதையை நீக்கி, எலும்பில் எங்கே கோடு ஓடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மண்டையோடு பழுதில்லாமலே முகம் உடையமுடியும் என்பதும், உடைகிற கோடுகள் திரும்பத் திரும்ப மூன்று மட்டங்களில் வருகின்றன என்பதும் அவர் கண்டவை. முதலாவதில் பல்வரிசையோடு அண்ணம் தனியே கழன்றுவிடுகிறது. இதை 1866லேயே அல்ஃபோன்ஸ் கெரான் என்பவர் விவரித்திருக்கிறார். இரண்டாவதில் மூக்கை உச்சியாகக் கொண்டு கோபுரம் போல நடுமுகம் பிரிகிறது. மூன்றாவதில் முகம் முழுவதுமே மண்டையிலிருந்து விலகிவிடுகிறது. இன்றும் உலகம் முழுக்க டாக்டர்கள் அவர் பெயரைச் சொல்லி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுகிறார்கள்.

அந்தப் பரிசோதனையை நினைக்கும்போது எனக்கு ஒரு கூச்சம் வருவதுண்டு. ஒரு மனிதர் இறந்தவர்களின் முகத்தை நிதானமாக, குறிப்பெடுத்துக்கொண்டே அடித்துக்கொண்டிருக்கும் காட்சி. ஆனால் அதன் நேர்மையும் அங்கேதான் இருக்கிறது. அவர் ஒவ்வொரு அடியையும் அறிந்திருந்தார். எங்கிருந்து, எந்தத் திசையில், எதனால் என்பது அவருக்குத் தெரிந்த பிறகுதான் எலும்பைப் பார்த்தார். காரணத்திலிருந்து கோடுக்குப் போனார். நாங்கள் கோடுகளிலிருந்து காரணத்துக்குப் போகிறவர்கள். இந்த இரண்டு பயணங்களும் ஒன்றல்ல. அதோடு, லாரியிலும் பைக்கிலும் மோதி வருகிற முகங்களில் அந்த மூன்று கோடுகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவது குறைவு. ஒரு பக்கம் இரண்டாவது, மறுபக்கம் மூன்றாவது, அண்ணம் நடுவில் பிளந்து. வகைகளைப் படித்துவிட்டு முதல் முகத்தைப் பார்க்கிறவன் திணறுவான். கவிதைக்கு வகை பிரிக்கிற நண்பர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

முகம் எதனால் உடைகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டியவர்களின் முகங்கள் உடைந்தன. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது, பிரெஞ்சுப் பிரதமர் கிளமென்ஸோவின் ஏற்பாட்டில் முகம் உடைந்த ஐந்து சிப்பாய்கள் அங்கே நிறுத்தப்பட்டார்கள். கையெழுத்துப் போட வந்த ஜெர்மானியர்கள் அவர்களைப் பார்த்தாகவேண்டும் என்பதற்காக. அவர்கள் பேசவேண்டியிருக்கவில்லை. முகமே வாக்குமூலம். இரண்டு வருஷம் கழித்து, 1921இல், இப்படிப்பட்டவர்கள் தங்களை 'உடைந்த முகங்கள்' என்றே அழைத்துக்கொண்டு ஒரு சங்கம் வைத்தார்கள். பிறகு மோட்டார் கார் வந்தது. பிரிட்டனில் 1983இல் முன்சீட்டில் பெல்ட் கட்டாயமானதும் காரில் முகம் உடைவது குறைந்தது. அங்கே முஷ்டி ஒரு பெரிய காரணமாக மிஞ்சியது.

எங்கள் ஜில்லாவில் பெரும்பாலும் இரண்டு சக்கர வண்டி. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு தலைக்கவசம் அணியச் சொல்கிறது. அது எல்லார் தலையிலும் ஏறவில்லை. ஏறிய இடத்திலும் பலது மண்டையை மூடி மோவாயைத் திறந்து விடுகிற பாதிக் கவசம். உயிர் தப்பும், தாடை போகும். பின்னால் உட்கார்ந்து வரும் பெண்களின் புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கி இழுத்துவிடும். பனையேறிகளும் தென்னையேறிகளும் வந்தார்கள். மாடு முட்டியவர்கள், கறக்கும்போது உதை வாங்கியவர்கள் வந்தார்கள். பல்லெல்லாம் விழுந்து, பென்சில் மாதிரி மெலிந்துபோன தாடையோடு, கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்த கிழவிகள் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். மாடு முட்டியவனுக்கு அதை மறைக்கவேண்டிய அவசியமில்லை.

நான் சொல்லவந்தது மற்றவர்களைப் பற்றி.

அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு ஒன்று உண்டு. ஏ.ஆர். புத்தகம் என்போம். டியூட்டி டாக்டர் அதில் எழுதுவார். எத்தனை பேர், எதனால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'சொல்லப்படுகிறது' என்ற பொருளில் ஒரு ஆங்கில வார்த்தை இருக்கும். விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. தாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. டாக்டர் பார்த்தது காயத்தை மட்டும். மற்றதற்கு அவர் பொறுப்பில்லை. நம் மொழியில் இதைவிட எச்சரிக்கையான உரைநடை எழுதப்பட்டிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அதற்குப் பிறகு என்னிடம் அனுப்புவார்கள். 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு கொடுங்காயம் எது என்று பட்டியல் போட்டது. எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம்பெயர்ந்தாலும் கொடுங்காயம். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 116ஆவது பிரிவு அதையே சொல்கிறது. சாதாரணக் காயத்துக்கு ஒரு வருஷம் வரை, கொடுங்காயத்துக்கு ஏழு வருஷம் வரை. நடுவில் இருப்பது பிலிமில் ஓடுகிற ஒரு கறுப்புக் கோடு. இருட்டறையில் ஹைப்போவிலிருந்து எடுத்து, க்ளிப்பில் மாட்டி, சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவருவேன். இரண்டு தரப்பு ஆட்களும் நின்றுகொண்டிருப்பார்கள். 'அண்ணே, தெரியுதா?' என்று ஒருத்தன் ஆசையோடு கேட்பான். 'அண்ணே, ஒண்ணும் இல்லியே?' என்று இன்னொருத்தன்.

பெண்கள் வரும்போது இரண்டு தரப்பு இருக்காது. ஒரு தரப்புதான் கூட வந்திருக்கும். என்ன ஆச்சு என்று டாக்டர் அவளைக் கேட்பார். பதில் பக்கத்தில் நிற்கிறவனிடமிருந்து வரும். பாத்ரூமில் வழுக்கிவிட்டாள். மாடிப்படி. கிணற்றடி. அவளும் தலையாட்டுவாள். அவளால் சரியாகப் பேசமுடியாது என்பது ஒரு காரணம். சாட்சி சொல்லவேண்டிய உறுப்பே முறிந்திருக்கிறது. கீழுதடு மரத்துப்போயிருக்கும். தாடைக்குள் ஓடும் நரம்பு முறிவில் நசுங்குவதால் அப்படி. எச்சில் ஒழுகுவதுகூட அவளுக்குத் தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். வெட்கத்தால் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வழுக்கி முன்னால் விழுந்தவளுக்கு மோவாய் கிழிந்து காதருகே இரண்டு பக்கமும் முறிந்திருக்கலாம். இடது கோணத்தில் முறிந்து, மோவாயில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் வந்தால் யோசிக்கவேண்டியிருக்கிறது. எதிரே நிற்பவன் வலது கைக்காரனாக இருந்தால் அவன் குத்து விழுவது இவளுடைய இடது தாடையில். முஷ்டியால் வரும் முறிவுகளில் இடப்பக்கம் மிகுதி என்பது பல தேசங்களில் பார்த்து எழுதப்பட்ட விஷயம். வால்மீகி இராமாயணத்தின் கிஷ்கிந்தா காண்டத்தில், இந்திரனின் வஜ்ராயுதம் பட்டு மலையுச்சியில் விழுந்த குழந்தைக்கு முறிந்ததும் இடது தாடைதான். ஹனு என்றால் தாடை. அதனால் அந்தப் பெயர். ஒரு காயத்தையே பெயராகச் சுமந்தவன் பின்னால் சொல்லின் செல்வன் ஆனான் என்பது என் தொழிலில் இருப்பவனுக்கு ஆறுதலான கதை. அவனுடைய தகப்பன் காற்றை நிறுத்திவைத்து நியாயம் கேட்டான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எல்லோருக்கும் அப்படி ஒரு தகப்பன் வாய்ப்பதில்லை.

எனக்கு ஒரு அத்தை. அப்பாவின் அக்கா. அவள் வாயைத் திறந்தால் மோவாய் வலது பக்கமாக ஒதுங்கும். சிரிக்கும்போது முகமே ஒரு பக்கம் நழுவுவது போலிருக்கும். நாற்பது வயதிலேயே வெற்றிலையை உரலில் இடித்துத்தான் போடுவாள். முறுக்கைக் காபியில் ஊறவைப்பாள். வாலிபத்தில் கிணற்றுப் படியில் விழுந்துவிட்டதாகக் குடும்பத்தில் பேச்சு. அதை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு பக்க மூட்டுக் கழுத்து முறிந்து அப்படியே ஆறிவிட்டால், வாய் திறக்கும்போது தாடை முறிந்த பக்கமாகவே ஒதுங்கும் என்பதை நான் வேலைக்கு வந்து ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு டாக்டர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அன்று அத்தையின் முகம் ஞாபகம் வந்தது. 1998இல் அவளே பல்வலி என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மாமா இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. பல் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு என் அறைக்கு வந்தாள். படம் எடுத்தேன். வலது மூட்டுத் தலை உள்பக்கம் சாய்ந்து ஆறியிருந்தது. இடது முன்பக்கம் தாடையின் கீழ்விளிம்பில் ஒரு சிறு படி. உடைந்து சேர்ந்த எலும்பில் அப்படி நிற்கும். விசை இடது பக்கத்திலிருந்து வந்து வலது மூட்டில் போய் முடிந்திருக்கிறது.

'என்ன மருமகனே, என்ன தெரியுது?' என்றாள்.

'பழைய முறிவு தெரியுது அத்தை. வலது காதுகிட்ட.'

'அதான் கிணத்துல விழுந்தேன்லா.'

'எந்தப் பக்கமா விழுந்தீங்க?'

கொஞ்சநேரம் வெளிச்சப்பெட்டியில் மாட்டியிருந்த தன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'விழறதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு இந்தப் படத்துல தெரியுதா?' என்று கேட்டாள்.

'தெரியாது அத்தை.'

'அப்ப விடு. காபி வாங்கிட்டு வரச் சொல்லு. சூடு ஆத்திக் குடுக்கச் சொல்லு.'

அத்தை சொன்னதில் ஒரு துல்லியம் இருப்பதாக எனக்குப் படுகிறது. படம் விசையின் திசையைச் சொல்கிறது. கையைச் சொல்வதில்லை. இடது மோவாய் படியின் விளிம்பில் இடித்தாலும் அதே இரண்டு இடங்களில் முறியலாம். கிணற்றில் விழுந்தது உண்மையாகவும் இருக்கலாம். அவள் கேள்வி விழுவதற்கு முந்தியதைப் பற்றி. அது எலும்பில் பதிவாவதில்லை. பிரதியிலிருந்தே ஆசிரியனைப் படித்துவிடலாம் என்று நண்பர்கள் வாதிடும்போதும், பிரதிக்கு வெளியே ஒன்றுமில்லை என்று வேறு நண்பர்கள் வாதிடும்போதும், நான் அந்த வெளிச்சப்பெட்டியின் முன் நின்ற அத்தையை நினைத்துக்கொள்கிறேன். பிரதிக்கு வெளியே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சொல்வதா வேண்டாமா என்பது அவளுடைய உரிமையாக இருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் அந்த உரிமை எனக்கு வந்துவிடாது.

ஆனால் இதை இங்கேயே நிறுத்தினால் அது சௌகரியமான தத்துவமாகிவிடும். அத்தையின் முறிவு ஆறி ஒரு ஆயுள் கழிந்திருந்தது. நேற்று ராத்திரி முறிந்து இன்று காலை வருகிறவளுக்கு, நாளை ராத்திரி என்று ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரே அறைக்கு ஒரு விதி உண்டு. கதிர்வீச்சுக் காரணமாக, படம் எடுக்கும்போது நோயாளியைத் தவிர வேறு யாரும் உள்ளே நிற்கக்கூடாது. அந்த ஆஸ்பத்திரி முழுவதிலும் கணவனை வெளியே போகச் சொல்ல யாருக்கும் காரணம் தேவைப்படாத அறை அது ஒன்றுதான். ஈயத் தகடு அடித்த கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால், இரண்டு மூன்று நிமிஷம் அவள் தனியாக இருப்பாள். கேசட்டைச் சரிசெய்துகொண்டே, 'எப்படிம்மா ஆச்சு?' என்பேன். அதற்கு மேல் கேட்டதில்லை. பலர் கிணற்றடி என்றே சொன்னார்கள். சிலர் கதவைப் பார்த்தார்கள். சிலர் சொன்னார்கள். சொன்னவர்களை டாக்டரிடம் தனியாகச் சொல்லச் சொன்னேன். 1983லிருந்து கணவனின் கொடுமைக்குத் தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவு இருந்தது. 2005இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டமும் வந்தது. சிலருக்கு ஏ.ஆர். புத்தகத்தில் 'விழுந்ததாக' என்பது 'தாக்கப்பட்டதாக' என்று மாறியது. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எழுதிராதீங்க' என்று கேட்டுக்கொண்டாள். நான் எழுதுகிறவன் இல்லை, படம் எடுக்கிறவன் என்று சொன்னேன்.

1973 மார்ச் 31 அன்று சான் டியாகோவில் கென் நார்ட்டன் முகமது அலியின் தாடையை உடைத்தார். உடைந்த தாடையோடு 12 சுற்றும் முடியும் வரை அலி நின்றார், தோற்றார். உலகம் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது வீரம்தான், மறுக்கவில்லை. உடைந்த தாடையோடு மூன்று நாள் சமைத்துப் பரிமாறிவிட்டு, வீக்கம் கண்ணை மூடிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் படங்களை நான் எடுத்திருக்கிறேன். அவர்களுக்கு சுற்றுக் கணக்கு வைக்க ஆள் இருந்ததில்லை.

வைத்தியம் பழையது. கி.மு. 1600ஐ ஒட்டிய எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற எகிப்தியச் சுருள், நழுவிய தாடையை விரல்களால் திரும்பப் பொருத்தும் முறையைச் சொல்கிறது. முறிந்த தாடையை மட்டும் வைத்தியம் செய்யமுடியாதது என்று ஒதுக்கிவிடுகிறது. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் பெயரிலுள்ள நூல், முறிவின் இரு பக்கத்துப் பற்களையும் தங்கக் கம்பியாலோ நூலாலோ சேர்த்துக் கட்டச் சொல்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்தபோது நடந்ததும் சாராம்சத்தில் அதுதான். மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் கம்பி வளைத்து, இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, நாலு முதல் ஆறு வாரம் வாயைப் பூட்டிவிடுவார்கள். 1970களில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஷம்பி என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும், மெல்லும்போது தாடையின் மேல்விளிம்பு விலகுகிறது, கீழ்விளிம்பு நெருங்குகிறது என்று கணக்கிட்டு, சின்னத் தகட்டை எந்த வரியில் பொருத்தினால் போதும் என்று காட்டினார்கள். மோவாய்ப் பக்கம் முறுக்குவிசையும் இருப்பதால் அங்கே இரண்டு தகடு. எங்கள் ஊருக்கு அது வந்து சேர நாளானது. வந்த பிறகும் பலருக்குக் கம்பிதான்.

பூட்டிய வாயோடும் பேசலாம். நாக்கு அசையும், உதடு அசையும். பல் மட்டும் பிரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போ என்று நம் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லி அனுப்புகிறோமே, அதை எஃகுக் கம்பியால் செய்துகாட்டுவது போல இருக்கும் அவர்கள் பேசுவது. ஆறு வாரம் கஞ்சி, பால், மோர், சலித்த ரசம். உடம்பு பாதியாகிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்னக் கம்பி வெட்டியைக் கொடுத்தனுப்புவார்கள். வாந்தி வந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே கம்பிகளை வெட்டி வாயைத் திறக்கவேண்டும். தாமதித்தால் உயிர் போகும். நர்ஸ் அதை எப்போதும் கூட வந்தவரிடம் கொடுத்து, எங்கெங்கே வெட்டவேண்டும் என்று காட்டிக்கொடுப்பாள். கூட வந்தவர் பெரும்பாலும் கணவன். அவனும் கவனமாகக் கேட்டுக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

இடது கோணமும் வலது மூட்டும் முறிந்து வந்த ஒருத்தி, பாத்ரூமில் விழுந்ததாகவே கடைசிவரை சொன்னவள், வார்டிலிருந்து போகிற அன்று அந்தக் கம்பி வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கினாள். நர்ஸிடம் எங்கே வெட்டவேண்டும் என்று இன்னொரு தடவை சைகையால் கேட்டாள். ஒரு கண்ணாடியும் வேண்டும் என்றாள். பிறகு அதைத் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அவனுக்கு முன்னால் நடந்து படியிறங்கிப் போனாள்.